ஹோம்ஸ்டெட் வீடுகளுக்குச் சொத்து வரி நீங்கினால் கவுண்டியும் நகராட்சியும் எதைக் கொண்டு இயங்கும்?

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஃபுளோரிடாவின் உட்பகுதியில், கடற்கரையோ சுற்றுலாத் தலமோ இல்லாத ஒரு சிறிய கவுண்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவில்) சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். சொந்தக் குடியிருப்புகளுக்கான, அதாவது ஹோம்ஸ்டெட் வீடுகளுக்கான சொத்து வரியைக் குறைப்பது அல்லது பள்ளி வரி தவிர மற்றவற்றை முழுவதுமாக நீக்குவது குறித்து, மாநிலப் பிரதிநிதிகள் அவையில் 2025 அக்டோபரில் பல அரசியலமைப்புத் திருத்த முன்மொழிவுகள் தாக்கல் செய்யப்பட்டதிலிருந்து எங்கள் வட்டாரத்தில் இதே பேச்சாக இருக்கிறது. காப்பீட்டுக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் கழுத்தை நெரிக்கும் வேளையில், ஒரு செலவாவது குறையும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் எங்கள் ஊர் நூலகத்தில் தன்னார்வலராக இருக்கும் எனக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. நூலகம், தீயணைப்பு நிலையம், கவுண்டியின் காவல் பணியைக் கவனிக்கும் ஷெரிப் அலுவலகம், உள்ளூர்ச் சாலைகள் ஆகியவை பெரும்பாலும் இந்த வரியை நம்பியே நடக்கின்றன. மாநிலத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. அதை விதிக்க அரசியலமைப்பும் இடம் தரவில்லை. அப்படியிருக்க, ஹோம்ஸ்டெட் வீடுகளின் வரி நின்றுவிட்டால் அந்தத் தொகை எங்கிருந்து வரும்? இப்படிப்பட்ட சீர்திருத்தங்களைச் செய்து பார்த்த மற்ற மாநிலங்களில் உள்ளாட்சி அமைப்புகளின் வருவாய்க்கு உண்மையில் என்ன நேர்ந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வரவுசெலவு எழுதியது:

வணக்கம் அம்மா. நான் இதே மாநிலத்தில் ஒரு நகராட்சியின் பட்ஜெட் பிரிவில் பணிபுரிகிறேன். இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து.

முதலில் வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்த்துவிடுவோம். மதிப்பீட்டு அலுவலரின் பதிவேட்டில் உங்கள் வீட்டின் மதிப்பு 4 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோம்ஸ்டெட் வீட்டுக்கான முதல் 25,000 டாலர் விலக்கு எல்லா வரிகளுக்கும் உண்டு. 50,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்பின் மீது தரப்படும் இரண்டாவது விலக்கு பள்ளி வரிக்குப் பொருந்தாது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட திருத்தத்தால் அது பணவீக்கத்துடன் இணைக்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டில் 25,722 டாலராக இருந்தது. ஆகவே பள்ளி வரி 3,75,000 டாலருக்கும், கவுண்டி, நகராட்சி வரிகள் 3,49,278 டாலருக்கும் கணக்கிடப்படும். ஒரு மில் என்பது ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். கவுண்டி 5 மில், நகராட்சி 4 மில், பள்ளி 6 மில் என்று எடுத்துக்கொண்டால், கவுண்டிக்கு ஏறத்தாழ 1,746 டாலரும், நகராட்சிக்கு 1,397 டாலரும், பள்ளிக்கு 2,250 டாலரும் செலுத்துவீர்கள். பள்ளி தவிர்த்த வரி முழுவதும் நீங்கினால் உங்களுக்கு மிச்சமாவது 3,143 டாலர். 2,250 டாலர் தொடரும். "சொத்து வரியே இனி இல்லை" என்று பலர் பேசிக்கொள்வதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

இனி நகராட்சியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். வரி விதிக்கத்தக்க மொத்த மதிப்பு 100 கோடி டாலர் உள்ள ஒரு ஊருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் தேவை என்றால், விகிதம் 5 மில். அந்த 100 கோடியில் 40 கோடி ஹோம்ஸ்டெட் வீடுகளுடையதாக இருந்து அது கழிந்துவிட்டால், அதே தொகையைத் திரட்ட விகிதம் 8.33 மில்லாக உயர வேண்டும். அந்தச் சுமை முழுவதும் வாடகைக் குடியிருப்புகள், கடைகள், பட்டறைகள், காலிமனைகள் ஆகியவற்றின் மீது விழும். ஆனால் ஹோம்ஸ்டெட் வீடுகளின் பங்கு 60 கோடியாக உள்ள ஊரில் 12.5 மில் தேவைப்படும். ஃபுளோரிடாவில் நகராட்சிக்கான அரசியலமைப்பு உச்சவரம்பு 10 மில். எனவே அந்த ஊர் எவ்வளவு முயன்றாலும் 40 லட்சத்துக்கு மேல் திரட்ட முடியாது. உச்சவரம்புக்குள் இருக்கும் ஊர்களுக்கும் விகிதத்தை நினைத்தபடி உயர்த்த வழியில்லை. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், அதற்கும் மேலே போனால் ஒருமித்த வாக்கோ பொதுமக்கள் வாக்கெடுப்போ வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே திருத்தம் என்றாலும் பாதிப்பு ஊருக்கு ஊர் வேறுபடும். கடற்கரை விடுதிகளும், வெளிமாநிலத்தவரின் இரண்டாம் வீடுகளும், வணிக வளாகங்களும் நிறைந்த கவுண்டியில் வரி அடித்தளத்தின், அதாவது வரி விதிக்கத்தக்க மொத்த மதிப்பின், பெரும்பகுதி அப்படியே நிற்கும். பெரும்பாலும் குடியிருப்புகளே உள்ள புறநகர்களும், உங்களுடையதைப் போன்ற உட்பகுதிக் கவுண்டிகளும் தள்ளாடிப்போகும். 2008-இல் இரண்டாவது விலக்கு வந்தபோதே, வருவாய் ஆதாரம் குறைந்த கவுண்டிகளின் இழப்பை ஈடுசெய்ய மாநிலச் சட்டமன்றம் தனியே நிதி ஒதுக்கும் ஏற்பாட்டைச் செய்ய நேர்ந்தது. அது ஆண்டுதோறும் ஒதுக்கீட்டில் இடம்பெற வேண்டிய தொகை. உள்ளூர் மன்றம் தானே விதித்துத் தானே வசூலிக்கும் வரிக்கு அது இணையாகாது.

அடுத்தது காவல்துறை ஒதுக்கீடு. முன்மொழிவுகளில் பல, சட்டம் ஒழுங்குக்கான நிதியைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் வந்தன. நோக்கம் நல்லதே. ஆனால் 10 கோடி டாலர் பொது நிதி உள்ள ஒரு கவுண்டியில் ஷெரிப்புக்கு 5 கோடி போகிறது, இழப்பு 2 கோடி என்றால், அந்த 2 கோடியும் மீதமுள்ள 5 கோடியிலிருந்தே வெட்டப்பட வேண்டும். அதாவது நூலகம், பூங்கா, சாலைப் பராமரிப்பு, கட்டட ஆய்வு எல்லாவற்றிலும் சேர்த்து 40 விழுக்காடு குறையும். உங்கள் நூலகத்தைப் பற்றிய கவலை நியாயமானது.

அப்போது மன்றங்கள் எதை நாடும் என்பதும் தெரிந்ததே. தீயணைப்பு, குப்பை அகற்றல், மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்குச் சொத்தின் மதிப்போடு தொடர்பில்லாத தனிக் கட்டணங்கள் விதிக்கலாம். அவை ஹோம்ஸ்டெட் விலக்கால் குறைவதில்லை. பல ஊர்களில் 1,00,000 டாலர் வீட்டுக்கும் 10,00,000 டாலர் வீட்டுக்கும் தீயணைப்புக் கட்டணம் ஒன்றே. வரி குறைந்து கட்டணம் ஏறும்போது, சிறிய வீட்டில் இருப்பவருக்கு மிச்சமாவது மிகக் குறைவு. சில இடங்களில் கைநட்டமாகவும் முடியும். அதிலும் ஒரு தடை இருக்கிறது. அவசர மருத்துவ ஊர்திச் சேவை மனிதருக்குப் பயன்படுவதே தவிர நிலத்துக்குத் தனிப் பயன் தருவதில்லை என்ற காரணத்தால், அதன் செலவைத் தீயணைப்புக் கட்டணத்தில் சேர்க்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே நிலையத்தில் ஒரே பணியாளர்கள் செய்யும் இரு பணிகளில் ஒன்றுக்குக் கட்டணம் வாங்கலாம், மற்றதற்கு வரிதான் வேண்டும். அந்த வரியின் அடித்தளத்தைத்தான் இப்போது சுருக்கப் பார்க்கிறார்கள்.

பருத்திக்காடு எழுதியது:

டெக்சாஸ் அனுபவத்தை நான் சொல்கிறேன். இங்கும் மாநில வருமான வரி கிடையாது. ஆனால் சீர்திருத்தம் வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. ஃபுளோரிடாவில் பள்ளி வரியைத் தொடாமல் மற்றவற்றை நீக்கப் பார்க்கிறார்கள். இங்கே பள்ளி வரியைத்தான் குறைத்தார்கள். பள்ளி மாவட்ட வரிக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு 2015-இல் 25,000 டாலராகவும், 2022-இல் 40,000 டாலராகவும், 2023-இல் 1,00,000 டாலராகவும் உயர்ந்து, 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலரை எட்டியது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதற்கு மேல் 60,000 டாலர் உண்டு.

பள்ளிகள் மூடப்படாததற்குக் காரணம், இழப்பை மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடுகட்டுவதுதான். 2023-இல் நிறைவேறிய வரிக் குறைப்புத் தொகுப்பின் மதிப்பு 18 பில்லியன் டாலர். அந்த ஆண்டு மாநிலத்திடம் இதற்கு முன் கண்டிராத அளவுக்கு உபரி இருந்ததால் அது கைகூடியது. ஆனால் உபரி ஒருமுறை வருவது. விலக்கோ ஆண்டுதோறும் தொடர்வது. விற்பனை வரி வசூல் தளரும் ஓர் ஆண்டில் மாநிலம் பள்ளிகளுக்கான ஈட்டுத் தொகையைக் காப்பாற்றுமா, வேறு எதையாவது வெட்டுமா என்பதுதான் நான் ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்தொடரிலும் கவனித்துவரும் கேள்வி.

நகராட்சிகளுக்கும் கவுண்டிகளுக்கும் இந்த ஈடு கிடையாது. அவை விரும்பினால் தாங்களே 20 விழுக்காடு வரை ஹோம்ஸ்டெட் விலக்கு அளிக்கலாம், இழப்பு அவற்றுடையது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, புதுக் கட்டுமானத்தைத் தவிர்த்த சொத்துகளிலிருந்து பெரும்பாலான நகரங்களும் கவுண்டிகளும் முந்தைய ஆண்டைவிட 3.5 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் செயல்பாட்டு வருவாய் பெற வேண்டுமானால் வாக்காளரின் ஒப்புதல் வேண்டும்; அதற்கு முன்பு அந்த எல்லை 8 விழுக்காடாக இருந்தது. தீயணைப்பு வீரர்களின் ஊதியம், மருத்துவக் காப்பீடு, வாகன விலை ஆகியவை அதைவிட வேகமாக ஏறும் ஆண்டுகளில் ஊர்கள் எப்படித் திணறுகின்றன என்பதை மன்றக் கூட்டங்களில் நேரிலேயே பார்க்கலாம்.

ஆகவே, ஏரிக்கரை அவர்களே, எவ்வளவு குறைக்கிறார்கள் என்பதோடு, இழப்பை யார் ஏற்பார்கள் என்று திருத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதப்படவில்லை என்றால் அது உங்கள் ஊரின் தலையில்தான் விடியும்.

பனைமரத்தடி எழுதியது:

தென் கரோலினாவில் மளிகைக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் நானும் சில சொற்கள் சேர்க்க விரும்புகிறேன். இங்கே 2006-இல் சட்டம் 388 என்ற பெயரில் ஒன்று நிறைவேறியது. உரிமையாளரே குடியிருக்கும் வீடுகளுக்குப் பள்ளிச் செயல்பாட்டு வரி, அதாவது பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கான வரி, அடியோடு நீங்கியது. அதற்கு மாற்றாக மாநில விற்பனை வரி 5 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்ந்தது. அந்தக் கூடுதல் ஒரு விழுக்காட்டிலிருந்து பள்ளி மாவட்டங்களுக்கு ஈடு கொடுப்பது ஏற்பாடு.

ஏற்பாட்டின் மை உலர்வதற்குள் 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி வந்துவிட்டது. மக்கள் பொருள் வாங்குவதைக் குறைத்தார்கள். ஒதுக்கிய விற்பனை வரி போதாமல், மாநிலம் பொது நிதியிலிருந்து எடுத்துப் போட்டது. சொத்து வரியைப் பலரும் வெறுக்கலாம், ஆனால் வீழ்ச்சிக் காலத்தில் அது விற்பனை வரியைப் போல உடனே சரிவதில்லை. ஆசிரியருக்கு மாதந்தோறும் சம்பளம் தர வேண்டிய அமைப்புக்கு அந்த நிலைத்தன்மை பெரிய பலம்.

இன்னொரு விளைவை நான் ஆண்டுதோறும் என் வரிச்சீட்டிலேயே பார்க்கிறேன். இங்கே குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 4 விழுக்காடும், கடைக்கும் வாடகை வீட்டுக்கும் 6 விழுக்காடும் கணக்கில் எடுக்கப்படும். அதற்கு மேல் பள்ளிச் செயல்பாட்டு வரி எங்களுக்கு மட்டும் தொடர்கிறது. பள்ளி மாவட்டம் உள்ளூரில் கூடுதலாகத் திரட்ட வேண்டுமென்றால் எங்களிடம்தான் வர வேண்டும். என் கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு எந்த விலக்கும் இல்லை. ஆனால் கட்டடத்தின் வரி உயரும்போது வாடகையில் அதில் ஒரு பகுதியைச் சேர்க்காமல் என்னால் காலம் தள்ள முடிவதில்லை. அந்தக் குடும்பம் கூடுதல் விற்பனை வரியும் செலுத்துகிறது. வீட்டு உரிமையாளருக்குக் கிடைக்கும் நிவாரணத்துக்கு வீடு வாங்க இயலாதவர் இரண்டு வழிகளில் பணம் தருகிறார் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஏரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு துணைக் கேள்வி. ஃபுளோரிடாவில் ஏற்கெனவே ஹோம்ஸ்டெட் வீட்டின் மதிப்பீடு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் உயராது என்ற வரம்பு இருக்கிறது. அதுவே போதுமான பாதுகாப்பு இல்லையா? மேலும், இவற்றை என்னைப் போன்ற ஒருவர் உள்ளூரிலேயே விசாரித்து அறிய வழி உண்டா?

வரவுசெலவு எழுதியது:

3 விழுக்காடு அல்லது பணவீக்கம், இவற்றில் எது குறைவோ அதுதான் வரம்பு. 1992-இல் வாக்காளர்கள் ஏற்று, 1995 முதல் நடைமுறையில் உள்ளது. நீண்ட காலம் அதே வீட்டில் இருப்பவருக்கு அது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் வீடு கைமாறும்போது மதிப்பீடு சந்தை விலைக்குத் திரும்பிவிடும். அதனால் ஒரே தெருவில், ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில், இருபது ஆண்டுகளாக இருப்பவரைவிடச் சென்ற ஆண்டு வாங்கியவர் இரண்டு மூன்று மடங்கு வரி செலுத்துவது இங்கே சாதாரணம். இன்று குரல் எழுப்புவோரில் பலர் அப்படிப் புதிதாக வாங்கியவர்கள். அவர்களுடைய குறை உண்மையானது. ஆனால் எல்லா ஹோம்ஸ்டெட் வீடுகளுக்கும் வரியை நீக்குவது, ஏற்கெனவே குறைவாகச் செலுத்துவோரையும் மாளிகைவாசிகளையும் சேர்த்தே விடுவிக்கிறது.

வருவாய்ப் பக்கத்தில் இத்தகைய வரம்புகள் என்ன செய்யும் என்பதற்கு மிச்சிகன் சான்று. 1994-இல் அங்கே பள்ளி நிதியின் பெரும்பகுதியை மாநிலம் ஏற்று, விற்பனை வரியை 4 விழுக்காட்டிலிருந்து 6 ஆக்கி, வரி மதிப்பின் ஆண்டு உயர்வைப் பணவீக்கம் அல்லது 5 விழுக்காடு, இவற்றில் குறைவானதோடு நிறுத்தினார்கள். 2008-ஐ ஒட்டிய வீட்டு விலைச் சரிவில் வரி மதிப்புகளும் சரிந்தன. பின்னர் சந்தை மீண்டபோது, கைமாறாத வீடுகளின் வரி மதிப்பு பணவீக்க வேகத்தில் மட்டுமே நகர்ந்தது. விழுவது ஒரே பாய்ச்சலில், எழுவது படிப்படியாக என்ற அந்த அமைப்பு பல நகரங்களின் நிதியை நெடுங்காலம் ஒடுக்கிவைத்தது.

உள்ளூரில் விசாரிக்கும் வழியைக் கேட்டீர்கள். ஆகஸ்டில் உங்கள் வீட்டுக்கு வரும் உத்தேச வரி அறிவிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "இது வரிச்சீட்டு அல்ல" என்று அதில் அச்சிட்டிருப்பதால் பலர் படிப்பதே இல்லை. கவுண்டி, நகராட்சி, பள்ளி, நீர் மேலாண்மை மாவட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை இருக்கும். சென்ற ஆண்டு செலுத்தியது, உத்தேச பட்ஜெட் நிறைவேறினால் செலுத்த வேண்டியது, பட்ஜெட் மாறாவிட்டால் செலுத்த வேண்டியது என மூன்று தொகைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பொது விசாரணை எந்த நாள், எந்த இடம் என்பதும் அதிலேயே உண்டு. செப்டம்பரில் இரண்டு விசாரணைகள் கட்டாயம் நடக்கும். அங்கே போய், மொத்த வரி விதிக்கத்தக்க மதிப்பில் ஹோம்ஸ்டெட் வீடுகளின் பங்கு எவ்வளவு, இப்போதைய மில் விகிதத்துக்கும் 10 மில் உச்சவரம்புக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள். மதிப்பீட்டு அலுவலரிடம் இரண்டு எண்களும் இருக்கும். அவை கையில் கிடைத்தால், மேலே நான் போட்ட கணக்கை உங்கள் ஊருக்கு நீங்களே போட்டுவிடலாம்.

மாலைவெயில் எழுதியது:

இதுவரை எழுதியவர்களிடமிருந்து நான் சற்று மாறுபடுகிறேன். ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு, வீட்டின் மதிப்பு ஏறியதால் கையில் ஒரு டாலரும் கூடவில்லை. வரி மட்டும் கூடுகிறது. விலைகள் ஏறிய ஆண்டுகளில் மில் விகிதத்தை அதற்கேற்பக் குறைக்காமல், வந்த வருவாயை எல்லாம் செலவுத் திட்டங்களில் சேர்த்துக்கொண்ட மன்றங்களும் இருக்கின்றன. மக்களின் கோபம் வெறும் தூண்டுதலால் வந்ததன்று. ஃபுளோரிடாவில் 2018-இல் மேலும் ஒரு 25,000 டாலர் விலக்கு வாக்கெடுப்புக்கு வந்தபோது 58 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 60 விழுக்காடு தேவை என்பதால்தான் அது தோற்றது. ஜார்ஜியாவில் 2024-இல் மதிப்பீட்டு உயர்வைப் பணவீக்கத்தோடு கட்டும் திருத்தம் வென்றது. ஆனால் விலகிக்கொள்ள 2025 மார்ச் 1 வரை தரப்பட்ட வாய்ப்பைப் பள்ளி மாவட்டங்களில் பெரும்பாலானவை பயன்படுத்தி விலகிவிட்டன. அவற்றின் நிதி நிலை எனக்குப் புரிகிறது. வாக்களித்த வீட்டுக்காரரின் ஏமாற்றமும் புரிகிறது.

ஆனால் நிவாரணம் வருமானத்தைப் பார்த்துத் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மின்னசோட்டாவில் குடும்ப வருமானத்துக்கு ஒவ்வாத அளவில் சொத்து வரி இருந்தால், அதில் ஒரு பகுதியை மாநில அரசே திருப்பித் தருகிறது. நகராட்சிக்கு ஒரு காசும் குறைவதில்லை. வாடகைக்கு இருப்பவருக்கும் இணையான சலுகை உண்டு. அதே மாநிலம் மற்றொரு பாடத்தையும் தருகிறது. ஹோம்ஸ்டெட் வீடுகளுக்கு மாநிலம் பணம் கொடுத்து ஈடுசெய்த சலுகையை 2011-இல் ஒழித்து, அதற்குப் பதிலாக மதிப்பில் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து விலக்கினார்கள். மாநிலத்தின் செலவு மிச்சமாயிற்று. உள்ளூர் அடித்தளம் சுருங்கி, விகிதம் ஏறி, சுமை மற்ற சொத்துகளின் பக்கம் சாய்ந்தது. வீட்டுக்காரரின் பார்வைக்கு இரண்டும் ஒரே சலுகையாகத் தெரியும். உள்ளாட்சியின் கணக்கில் இரண்டும் வெவ்வேறு.

ஃபுளோரிடாவிலேயே இதற்கு ஒரு சிறு வழி இருக்கிறது. அறுபத்தைந்து வயதைக் கடந்த, குறைந்த வருமானம் உள்ள வீட்டு உரிமையாளர்களுக்கு 50,000 டாலர் வரை கூடுதல் விலக்கு அளிக்கக் கவுண்டியும் நகராட்சியும் தாங்களே தீர்மானிக்கலாம். 25 ஆண்டுகளாவது அதே வீட்டில் குடியிருப்போரில் தகுதியுள்ளவர்களுக்கு, வீட்டின் மதிப்பு 2,50,000 டாலருக்குக் குறைவாக இருந்தால், கவுண்டி, நகராட்சி வரியை முழுவதுமாகவே நீக்கலாம். எல்லா ஊர்களும் இதை ஏற்கவில்லை. செப்டம்பர் விசாரணைக்குப் போகும்போது இதையும் கேளுங்கள். ஏற்கப்பட்டிருந்தால், உங்கள் தெருவில் உள்ள முதியவர்களிடம் மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.